சம்பந்தி வீட்டை விசாரிக்க நான் வாசித்த நாவல்

தம்பி,

போன சனிக்கிழமை, விட்பியில் உன் புது வீட்டுக்குப் போகச் சாமான் ஏற்றிய வானுக்குப் பக்கத்தில் மைக்ரோவேவைக் கட்டிப்பிடித்தபடி நின்று நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, அண்டைக்கு மரிசெல் வீட்டில ஏன் அப்பிடிக் கதைச்சனீங்கள்? சீரியஸ்லி, வை?" நான் அதற்கு, "கவனம், உள்ளுக்குக் கண்ணாடித் தட்டுக் கிடக்கு" என்றேன். அது மறுமொழி இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ சிரித்துவிட்டு ஏறிப் போய்விட்டாய். உன்னுடைய அறையில் அம்மா உடுப்புக் காயப்போடத் தொடங்கிவிட்டா. நான் அந்தக் கேள்வியோடு திரிகிறேன். ரெலிபோனில் சொல்லலாம் என்றால், ரெலிபோனில் நான் ஸ்னோவைப் பற்றியும் காருக்கு எண்ணெய் மாற்றுவதைப் பற்றியும் மட்டுமே கதைக்கிற ஆள். அதனால் எழுதுகிறேன். தமிழில் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும். எடுக்கட்டும், அவசரமில்லை.

நீ மரிசெலைப் பற்றி முதலில் சொன்ன நாளிலிருந்து தொடங்க வேண்டும். நான் சோபாவில் இருந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்து ரீவியை நிற்பாட்டினாய். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெட்டை, உன்னோடு கொலிஜில் படித்தவள், கத்தோலிக்கம், மூன்று வருஷப் பழக்கம், கட்டப்போகிறேன் என்று ஐந்து விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாய். நான் எழும்பி நின்று, "நான் செத்தாப் பிறகு கட்டு" என்றேன். படங்களில் தகப்பன்மார் அப்படிச் சொன்னால் பிள்ளை காலில் விழும். நீயோ, "போன மாசம்தானே டொக்டர் உங்கட ஹார்ட் நல்ல ஸ்ரோங் எண்டு சொன்னவர்" என்றாய். குசினியிலிருந்து அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்போடேயே நான் பாதி தோற்றுவிட்டேன். மிச்சப் பாதியைக் காப்பாற்றத்தான், "சரி, ஆக்களை ஒருக்கா விசாரிக்க வேணும்" என்று சொன்னேன்.

விசாரிப்பது எனக்குப் புதிதில்லை. நான் யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோரில் இருந்தவன் என்பது உனக்குத் தெரியும். அந்த வேலையோடு சேர்ந்து எனக்கு இன்னொரு உத்தியோகமும் இருந்தது. கலியாணம் பேசுகிற ஆக்கள் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். ஆருக்கு எங்கேயிருந்து கடிதம் வருகிறது, எந்தப் பெடியன் எந்த விலாசத்துக்கு வாரத்தில் மூன்று எழுதுகிறான் எல்லாம் எனக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனாலும் "நல்ல குடும்பம்" என்று நான் சொன்னால் கலியாணம் நடக்கும். "ம்ம்..." என்று கொஞ்சம் இழுத்தால் நின்றுவிடும். எத்தனை "ம்ம்" இழுத்திருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒருமுறை உண்மையிலேயே பல்லுக்குத்தால்தான் இழுத்தேன். அந்தக் கலியாணமும் நின்றுபோய்விட்டது.

ஆனால் ரொறன்ரோவில் ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பத்தை எப்படி விசாரிப்பது? ஃபக்ரரியில் என்னோடு வேலை செய்த எடி அந்த நாட்டுக்காரன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் போய், மரிசெலின் தகப்பன் பெயரைச் சொல்லி, "மில்லிக்கனில் இருக்கிற ரூடி குடும்பத்தைத் தெரியுமா, ஆக்கள் எப்படி?" என்று கேட்டேன். எடி தன்னுடைய சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தான். எங்கள் நாடு ஆயிரக்கணக்கான தீவுகள், எந்தத் தீவு என்றாவது தெரியுமா என்று கேட்டான். நெடுந்தீவில் ஒரு வீட்டை விசாரிக்கவே இரண்டு தரம் வள்ளமேறியவன் நான். எடி இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னான். எங்களை விளங்க வேண்டுமென்றால் ஒரு நாவல் இருக்கிறது, நூறு வருஷப் பழசு, ஸ்பெயின்காரன் எங்களை ஆண்ட காலத்துக் கதை, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும், அதில் எங்கள் ஆக்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்றான். அவன் பகிடியாகச் சொன்னான் என்று நினைக்கிறேன். நான் அடுத்த நாளே லைப்ரரிக்குப் போய் இங்கிலிஷ் மொழிபெயர்ப்பை எடுத்தேன். நீ என்ன புத்தகம் அது என்று கேட்டபோது, "சிற்றிசன்ஷிப் சோதினைக்கு" என்றேன். அது பொய். நான் சிற்றிசன் ஆகி ஐந்து வருஷம் ஆகியிருந்ததை நீ யோசிக்கவில்லை.

பஸ்ஸில் போகவர வாசித்தேன், ஒரு அகராதியும் அப்பியாசக் கொப்பியும் வைத்துக்கொண்டு. முதல் அத்தியாயத்திலேயே சறுக்கினேன். ஒரு பெரிய வீட்டில் விருந்து நடக்கிறது, அங்கே ஃப்ரையர் வந்திருக்கிறார் என்று இருந்தது. கனடாவுக்கு வந்த புதிதில் நான் டோனற் கடையில் வேலை செய்தவன் அல்லவா? எனக்குத் தெரிந்த ஃப்ரையர் கொதிக்கிற எண்ணெயோடு நிற்கிற இரும்புத் தொட்டிதான். எழுத்துக் கூட்டல் வேறாகத்தான் இருந்தது. ஆனால் இங்கிலாந்துக்காரன் ஒரு மாதிரியும் அமெரிக்காக்காரன் ஒரு மாதிரியும் எழுதுவான் என்று நீதானே எனக்குச் சொல்லித் தந்தாய். விருந்துதானே, எண்ணெய்த் தொட்டி வைத்திருப்பார்கள் என்று வாசித்துக்கொண்டு போனேன். அது இன்னொருவரோடு வாக்குவாதப்பட்டுக் கோபத்தில் கத்தத் தொடங்கிய இடத்தில்தான் அகராதியைத் திறந்தேன். ஃப்ரையர் என்றால் கத்தோலிக்கத் துறவி.

அதற்குப் பிறகு என்னால் புத்தகத்தை வைக்க முடியவில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிற ஒரு பெடியன், ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கட்ட ஆசைப்படுகிறான். அந்தத் துறவிமார்தான் அங்கே எல்லாம். கவர்னரும் பயப்படுவார், காசுள்ளவனும் கும்பிடுவான். அவனுடைய தகப்பனைப் புதைத்த குழியில்கூட இருக்க விடவில்லை. அவன் கட்டவிருந்த பெட்டையை ஆருக்குக் கொடுப்பது என்பதையும் அவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். நடுவில் ஒரு பிரசங்கம் வருகிறது, அவ்வளவு நீளம். ஃபின்ச் வீதி முழுக்க பஸ் ஓடி முடிந்தும் அது முடியவில்லை. சில இடங்களில் நான் பஸ்ஸில் சத்தமாகச் சிரித்து, பக்கத்தில் இருந்த சீனக் கிழவி எழும்பி வேறு சீற்றுக்குப் போயிருக்கிறா. கொப்பியில் ஒரு பக்கத்தில் புதுச் சொற்களை எழுதினேன், மறுபக்கத்தில் "விசாரணை" என்று தலைப்புப் போட்டு உன் மாமனார் வீட்டைப் பற்றி நான் கண்டுபிடித்தவற்றை எழுதினேன். "விருந்தாளிகளை நன்றாகக் கவனிப்பார்கள். குருமாருக்குப் பயம். பெண்பிள்ளைகள் அடிக்கடி மயங்கி விழுவார்கள்." நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கதையை வைத்து, மில்லிக்கனில் டபுள் கராஜ் வீட்டில் இருக்கிற ஒரு குடும்பத்தை விசாரித்தேன் தம்பி. எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

பின்னேரங்களில் அம்மா போஞ்சிக்காய் வெட்ட, நான் அவவுக்குக் கதை சொல்லுவேன். ஒருநாள் மேசையில் அடித்து, "ஆர் ஆரைக் கட்டலாம், ஆர் ஆரோட சேரலாம் எண்டு சொல்ல இவங்கள் ஆர்? கடவுளின்ர வாசலில நிண்டு ஆளை மறிக்க இவங்களுக்கு ஆர் அதிகாரம் குடுத்தது?" என்று கேட்டேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு "ம்" என்றா. நான் அதைக் கதையில் அவவுக்கிருந்த ஈடுபாடு என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவர்கள் பூசை முடித்து வந்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் கோட் சூட், அம்மா அரக்குச் சேலைக்கு மேல் வின்ரர் ஜக்கற், கையில் ஒரு தட்டு உழுந்துவடை. வாசலில் மரிசெலின் தாய் லூர்து வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தா. அவவின் பெயரைக் கேட்டதும் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. லூர்து என்றால் எங்கள் குருநகர்க் கத்தோலிக்கரின் பெயர்தானே! ரூடி கையைக் குலுக்கினார். நல்ல பலம். உள்ளே மேசையில் ஒரு முழுப் பண்டி, சிவப்பாகச் சுட்டு, கண்ணை மூடிச் சிரித்தபடி கிடந்தது. அம்மா வடைத் தட்டை அதன் முகத்துக்கு முன்னால் வைத்தா. சாப்பாடு முடியும்வரை அந்தத் தட்டை ஒருவரும் நகர்த்தக்கூடாது என்பதில் மட்டும் அவ கவனமாக இருந்தா.

எனக்குப் பக்கத்தில் கட்டம் போட்ட சேட்டோடு ஒரு வயசுபோன மனிசன் இருந்தார். "பென்னி" என்று சொல்லிக் கை தந்தார். தாய்மாமன் ஆராவது என்று நினைத்தேன். வடையை நன்றாக ரசித்துச் சாப்பிட்டார், நடுவில் ஏன் ஓட்டை என்று கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. அந்த உற்சாகத்தில்தான் எழும்பி நின்று, பாடமாக்கி வைத்திருந்த பேச்சைத் தொடங்கினேன். நீ கண்ணால் "வேண்டாம்" என்று காட்டினாய். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இங்கிலிஷில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இன்னும் கேவலமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். "உங்கள் நாட்டின் மிகப் பெரிய நாவலை நான் இரண்டு மாசமாக வாசித்தேன். உங்களை நன்றாக விளங்கிக்கொண்டேன். எவ்வளவு துன்பப்பட்டிருக்கிறீர்கள்! உங்கள் குருமார் எல்லோரும் கள்ளர். பிள்ளை பெத்தவர்கள். பிணத்தைக்கூட விடாதவர்கள். இந்த மேசையில் சுதந்திரமான மனிதர்களோடு இருப்பது எனக்குச் சந்தோஷம்." சொல்லி முடித்துக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நின்றேன். பண்டியைத் தவிர ஒருவரும் சிரிக்கவில்லை. நீ என் காதில், "அப்பா, தட்ஸ் ஃபாதர் பென்னி. அவர்தான் அவையின்ர சேர்ச்சில பிரீஸ்ட்" என்றாய்.

அந்த இடத்தில் நான் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ரூடி கரண்டியை வைத்துவிட்டு, "அந்தப் புத்தகத்தைப் பற்றி இந்த வீட்டில் ஆரும் கதைப்பதில்லை. அது திருச்சபைக்கு எதிரானது" என்றார். நான், "நீங்கள் வாசித்தனீங்களா?" என்று கேட்டேன். அவர் சிவந்துபோனார். பள்ளிக்கூடத்தில் கூட்டாளியின் கொப்பியைப் பார்த்து எழுதினதோடு சரி என்று மரிசெல் மெல்லச் சொன்னாள். "சொந்த நாட்டுப் புத்தகத்தை வாசிக்காமல் எப்படி?" என்று நான் இன்னொரு படி ஏறினேன். ரூடியும் எழும்பினார். தன்னுடைய மகளின் கலியாணம் சேர்ச்சில்தான், அதற்கு உன்னைத் தண்ணி ஊற்றி ஞானஸ்நானம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கலியாணமே இல்லை என்றார். மரிசெல் உன் கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். அதைப் பார்த்தும் நான் நிற்பாட்டவில்லை. "பாத்தீங்களா? இதுதான்! ஆர் ஆரைக் கட்டலாமெண்டு சொல்ல நீங்கள் ஆர்?" என்று பஸ்ஸில் வாசித்த முழு ஆத்திரத்தையும் அந்த மனிசனின் தலையில் கொட்டினேன்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தா. குரலை உயர்த்தவில்லை. "அப்ப யோகநாதன் அண்ணையின்ர பெட்டைக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று தமிழில் கேட்டா.

ஃபாதர் பென்னி உன்னைப் பார்த்து, அம்மா என்ன சொல்கிறா என்று கேட்டார். நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன் தம்பி, ஏனென்றால் மொழிபெயர்க்கப் போகிறவன் நீ. நாங்கள் எண்பதுகளின் நடுவில் வந்திறங்கியபோது உனக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து நீதான் எனக்கு வாய். ஹீற்றர் வேலை செய்யாத குளிர்காலத்தில் நான் வீட்டுக்காரனை அவனுடைய தகப்பன், பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்ட, நீ அவனைப் பார்த்து, "மை டாட் செஸ் தாங்க் யூ, பட் இற் இஸ் எ லிற்றில் கோல்ட்" என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. அடுத்த நாளே ஹீற்றர் வேலை செய்தது. என் திட்டின் கெட்டித்தனம் என்று நான் அன்று நினைத்தேன். எத்தனை வருஷம் என்னுடைய வசவுகளை எல்லாம் வடித்து நல்ல தண்ணியாகக் கொடுத்திருக்கிறாய்! அன்றும் அப்படி ஏதாவது செய்வாய் என்று நம்பினேன். நீ மரிசெலைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு ஒரு சொல்லும் வடிக்காமல் முழுக்கச் சொன்னாய்.

எங்கள் கோயிலைப் பற்றிச் சொன்னாய். ஒரு பக்கம் சைலன்சர் பூட்டுகிற கராஜ், மறுபக்கம் கார்பெற் கிடங்கு, நடுவில் வாடகைக்கு எடுத்த மண்டபம். அதன் நிர்வாக சபைக்கு அப்பா செயலாளர். யோகநாதன் அங்கிள் ட்ரக் ஓடுகிறவர். கோயில் குசினிக்குத் தண்ணிக் குழாய் பூட்டினதும் அவர்தான், அடுப்பு வைத்ததும் அவர்தான். அவருடைய மகள் ஒரு கிறிஸ்தவத் தமிழ்ப் பெடியனைக் கட்ட விரும்பினாள். கோயிலில் தாலி கட்டலாமா என்று யோகநாதன் அங்கிள் கேட்டார். அப்பா முடியாதென்று கடிதம் எழுதினார், சீல் அடித்து. நிர்வாக சபையைக் கேட்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரும் கோயிலுக்கு வரவில்லை. அவருடைய மனிசியும் அம்மாவும் ஒரே இடத்தில் வேலை, ஒரே காரில் போனவர்கள். இப்போது இரண்டு வருஷமாக அம்மா இரண்டு பஸ் எடுத்துப் போகிறா.

கடைசி விஷயம் எனக்கே அப்போதுதான் உறைத்தது. அம்மா பஸ்ஸில் போகிறா என்பது தெரியும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஃபாதர் பென்னி முதலில் தோள் குலுங்க, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "அப்ப உங்கட கோயிலிலும் ஒரு ஃப்ரையர் இருக்கிறார்" என்றார். ரூடியும் சிரித்தார், லூர்து சிரித்தா, நீ சிரிக்காமல் இருக்கப் பட்டபாட்டைப் பார்த்து மரிசெல் சிரித்தாள். நான் மட்டும் உட்கார்ந்து, எனக்கு முன்னால் இருந்த கிளாஸ் தண்ணியை முழுக்கக் குடித்தேன். ஃபாதர் பென்னி என் தோளில் கை போட்டார். செமினரியில் படிக்கும்போது அந்த நாவலைத் தான் மெத்தைக்குக் கீழே ஒளித்து வைத்து வாசித்ததாகவும், வாசித்த பிறகும் குருவானதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் சொன்னார். பிறகு ரூடியிடம் திரும்பி, பெடியனை ஞானஸ்நானம் செய்யத் தேவையில்லை, வேற்று மதத்தவரைக் கட்டுவதற்கு ஆயரிடம் அனுமதி எடுக்கலாம், அதற்கு நிரப்பிக் கொடுக்க ஒரு ஃபோம் இருக்கிறது என்றார்.

ஒரு ஃபோம்! நான் கள்ளர் என்று சொன்ன ஆக்களிடம் அதற்கு ஒரு ஃபோம் இருந்தது. எங்களிடம் என்னுடைய கடிதம் மட்டும்தான் இருந்தது.

அது எவ்வளவு உண்மை என்பது அடுத்த கிழமை தெரிந்தது. நிர்வாக சபைக் கூட்டத்தில் உன்னுடைய கலியாணத்துக்குத் தேதி கேட்டேன். தலைவர் ஃபைலைத் திறந்து ஒரு பேப்பரை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, எல்லோருக்கும் கேட்க வாசித்தார். "சைவ ஆசாரத்துக்கு மாறான விவாகங்களை ஆலயத்தில் அனுமதிப்பதற்கில்லை என்பதை மனவருத்தத்துடன் அறியத் தருகிறோம்." நல்ல தமிழ். நான்தான் எழுதினேன். "செயலாளர் அண்ணை, நீங்களே போட்ட சட்டம், நாங்கள் என்னெண்டு மாத்திறது?" என்று அவர் கேட்டார். நான் வாதாடினேன். வாதாடும்போது ஒவ்வொரு சொல்லும் யோகநாதன் அன்றைக்கு என்னிடம் சொன்ன சொல்லாகவே வந்தது. "பிள்ளைகள் விரும்பீட்டினம்", "கடவுளுக்கு என்ன வித்தியாசம்", "நாங்களும் இந்தக் கோயிலுக்கு உழைச்சனாங்கள்தானே". பத்துப் பேரில் இரண்டு பேர்தான் கை தூக்கினார்கள். அதில் ஒருவர் ஜன்னலைத் திறக்கச் சொல்லித் தூக்கினவர்.

யோகநாதன் வீட்டுக்கு நான் மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். ஐயரின் ரெலிபோன் நம்பர் கேட்கத்தான் போனேன். அவருடைய மகளின் கலியாணத்தை மண்டபத்தில் வைத்து ஒரு ஐயர் செய்து கொடுத்தார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருடைய வீடு அஜின்கோர்ட்டில், எங்கள் இடத்திலிருந்து ஐந்து பஸ் தரிப்பு. இரண்டு வருஷத்தில் ஒருநாளும் அந்தப் பக்கம் இறங்காதவன். யோகநாதன் கதவைத் திறந்து, "ஆ, செயலாளர்! கடிதம் ஏதும் கொண்டந்தனீங்களோ?" என்று கேட்டார். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசல் கால்துடைப்பானில் நின்று பண்டியிலிருந்து நிர்வாக சபை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இஞ்சரும், ஓடியாரும், இந்தக் கதையைக் கேளும்" என்று மனிசியைக் கூப்பிட்டார். பிறகு நான் கேட்பதற்கு முதலே ஐயரின் நம்பரை ஒரு துண்டில் எழுதி என் சேட் பொக்கற்றுக்குள் வைத்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கொஞ்சம் இழுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அவருடைய மனிசி சிரிக்கவில்லை. "அண்ணை, உங்கட கடிதம் வந்த அண்டைக்கு என்ர பிள்ளை அதைக் கையில வச்சுக்கொண்டு படியில இருந்து அழுதவள். 'அங்கிள் என்னைச் சின்னனில இருந்து தெரியும்தானேம்மா' எண்டு கேட்டவள். நீங்கள் எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவளுக்குச் சொல்லுங்கோ" என்று ரெலிபோனை எடுத்து நம்பரை அடித்து என்னிடம் தந்தா. ஒட்டாவாவில் மணி அடித்தது. நான் ஒரு நாவலைப் பற்றிப் பேச்சு எழுதினவன், அதற்கு ஒரு சொல்லும் ஆயத்தம் செய்திருக்கவில்லை. "பிள்ளை, நான் அங்கிள் கதைக்கிறன். நான் செய்தது பிழை" என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. அவள், "இட்ஸ் ஓகே அங்கிள்" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை அழுவது கேட்டது. "நோ. இட்ஸ் நொட் ஓகே. பட் கோல் பண்ணினதுக்குத் தாங்க்ஸ்" என்றாள். தம்பி, எனக்கு இந்த நாட்டில் ஒருவரும் அவ்வளவு மரியாதையாகப் பதில் சொன்னதில்லை. நீயும் மரிசெலும் கோபித்துக்கொள்கிற நாட்களில் இதை நினைத்துக்கொள். ஓகே இல்லாததை ஓகே என்று சொல்லாதே. அவளையும் சொல்ல வைக்காதே. நானும் அம்மாவும் முப்பது வருஷமாக ஓகே சொல்லித்தான் அவ இரண்டு பஸ் ஏறினா.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். விட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறேன். அடுத்த கூட்டத்தில் எப்படியும் எடுத்திருப்பார்கள். உன் மாமனார் இப்போது என்னோடு நல்ல சிநேகம். ஒருநாள் உன்னுடைய பேஜருக்கு அவர் மூன்று தரம் அடித்தாரே, ஏதோ ஆபத்து என்று நீ பயந்து ஓடினாயே, அது அந்தப் புத்தகம் எந்த லைப்ரரியில் இருக்கிறது என்று என்னிடம் கேட்க என் நம்பர் வாங்கத்தான். லூர்துவுக்குத் தெரியக்கூடாது என்று உன்னிடம் அவர் விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் என்னைவிட மெதுவாக வாசிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எனக்கு ரெலிபோன் எடுத்து அந்தக் குருமாரைத் திட்டுகிறார். நான் அவர்களுக்காகப் பேச வேண்டியிருக்கிறது.

இன்னுமொரு விஷயம் இருக்கிறது. இதை அம்மாவுக்கும் நான் சொல்லவில்லை. சேர்ச்சிலும் மண்டபத்திலும் நடந்த உன் கலியாணத்தின் வீடியோ கசற் வந்ததும் எல்லோரும் இருந்து பார்த்தோமே, தாலி கட்டுகிற இடத்தில் என்னைக் காணவில்லை. சாப்பாட்டுக்காரனோடு சண்டைக்குப் போயிருப்பேன் என்று அம்மா சொன்னா. நான் மறுக்கவில்லை. நடந்தது இதுதான். யோகநாதனின் மகள் ஒட்டாவாவிலிருந்து புருஷனோடும் பத்து மாதக் குழந்தையோடும் வந்திருந்தாள். நான் போய் முன்னால் நின்றேன். அவள் பாத்றூம் போக வேண்டும் என்று குழந்தையை என் கையில் தந்துவிட்டுப் போனாள். பொறுக்கி எடுத்து ஆள் பார்த்துத் தந்தாளா, கிட்ட நின்ற ஆளிடம் தந்தாளா என்று தெரியாது. நான் கேட்கவும் இல்லை. சரியாக அப்போது மேளம் உயர்ந்தது. குழந்தை திடுக்கிட்டு வீரிட்டுக் கத்தத் தொடங்கியது. மேடைக்கு வரச் சொல்லி ஐயர் எனக்குக் கையால் காட்டினார். எனக்கு முன்னால் நீ, மரிசெல், தூக்கிய கையில் தாலி. என் கையில் இந்தப் பிள்ளை, வாயெல்லாம் எச்சில், முகம் சிவந்து. ஒரு கணம்தான் யோசித்தேன். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு, உடுப்பு மாட்டுகிற அறைக்குப் பக்கத்தில் இருந்த நடைபாதைக்குப் போய்விட்டேன். அங்கே மேளம் மெதுவாகத்தான் கேட்டது. பட்டுச்சால்வையால் அவனுடைய காதைப் பொத்தி மேலும் கீழும் நடந்தேன். அவன் அழுகையை நிறுத்தி, என் மூக்கைப் பிடித்துப் பார்த்து, தோளில் படுத்து நித்திரையாகிவிட்டான். உள்ளே எல்லோரும் பூப்போட்டுக் கைதட்டுவது கேட்டது. நீ தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை தம்பி.

திரும்பி வந்தபோது அவள் கதவடியில் நின்றாள். கை நீட்டினாள். பிறகு அவன் தூங்குவதைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் அங்கிள், எழுப்பாதேங்கோ" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள். சாப்பாடு முடியும்வரை நான் அவனை வைத்திருந்தேன்.

அப்பா